ஓர் உறையில் இரண்டு கத்தி

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு



போன செமஸ்டர் மினி புராஜெக்ட் டெமோ நடந்த மதியம், இரண்டாம் மாடி லேபில் "டப்" என்று ஒரு சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஏதோ கெபாசிட்டர் வெடித்துவிட்டது என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் இல்லை. உடைந்தது ஒரு மில்லிமீட்டர் டிரில் பிட். உடைத்தது நான்தான். எப்படி உடைத்தேன் என்று இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் மூன்றாவது முறையாக விரட்டியபோது, சரி, அதையே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் இது டிரில் பிட் கட்டுரை அல்ல. ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரில் வெளியார் எழுதிய இரண்டு பெரிய பேட்ச்களை ஒன்றாகப் போட்டால் என்ன நடக்கும், அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் விஷயம். அடுத்த வருஷம் புராஜெக்ட் செய்யப்போகும் ஜூனியர்களில் பலர் லினக்ஸ் போர்டு வைத்து ஏதாவது செய்யத்தான் போகிறீர்கள். எனக்கு ஒரு பிட்டும் ஒரு மாதத் தூக்கமும் செலவான பாடம், உங்களுக்கு இலவசம்!

பேட்ச் என்றால் என்ன?

கிழிந்த சட்டையில் போடும் ஒட்டுக்கும் பேட்ச் என்றுதான் பெயர். ஆனால் சாஃப்ட்வேர் பேட்ச், புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் "பிழை திருத்தம்" சீட்டுக்கு இன்னும் நெருக்கம். "42ஆம் பக்கம், 7ஆம் வரி: இன்னதை இன்னவாறு திருத்தி வாசிக்கவும்." புத்தகத்தையே மறுபடி அச்சடிக்க வேண்டாம், சீட்டு போதும். அதேபோல, சோர்ஸ் கோடு முழுவதையும் கொடுக்காமல், மாற்றத்தை மட்டும் எழுதிக் கொடுக்கும் கோப்புதான் பேட்ச். நம் லேப் சுவரில் இருக்கும் அறிவிப்புக்கு ஒரு பேட்ச் எழுதினால் இப்படி இருக்கும்:

  மெயின் சுவிட்சைப் போடவும்
- பத்து நிமிடம் காத்திருக்கவும்
+ ஐந்து நிமிடம் காத்திருக்கவும்
  மோட்டாரை ஓட விடவும்

கழித்தல் குறி போட்ட வரி போகும், கூட்டல் குறி போட்ட வரி வரும். குறி இல்லாத வரிகள் இடத்துக்கு அடையாளம்.

இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வித்தியாசத்தை எடுத்துக் கொடுக்கும் "டிஃப்" என்ற புரோகிராம் அமெரிக்காவின் பெல் லேபில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கியது. 1974இல் வந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் அது சேர்ந்தது. அந்த வித்தியாசத்தை வாங்கிக் கோப்பில் பொருத்தித் தரும் "பேட்ச்" என்ற புரோகிராமை 1985இல் லாரி வால் வெளியிட்டார். பின்னால் பெர்ல் மொழியை உருவாக்கினாரே, அவரேதான்.

அந்தப் புரோகிராம் எப்படி இடம் தேடுகிறது என்பது முக்கியம். நம் ஊர் போஸ்ட்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். "பிள்ளையார் கோயிலுக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிற வீடு" என்று முகவரி இருந்தால் போதும், கதவு நம்பர் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பேட்சும் அப்படித்தான். மாற்றவேண்டிய வரிக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி அடையாளமாக இருக்கும். வரி எண் தள்ளிப்போயிருந்தால் அக்கம்பக்கம் தேடிப்பார்த்துப் பொருத்திவிடும். அடையாள வரிகளில் ஓரத்தில் ஒன்றிரண்டு ஒத்துவராவிட்டால், "பரவாயில்லை, இதுவாகத்தான் இருக்கும்" என்று விட்டுக்கொடுத்துப் பொருத்தும். இதற்கு "ஃபஸ்" என்று பெயர். அதுவும் முடியாவிட்டால், கடிதத்தைத் திருப்பி அனுப்புவது மாதிரி, பொருந்தாத பகுதியை "ரெஜ்" என்ற பின்னொட்டுள்ள கோப்பில் போட்டுக் கொடுத்துவிடும்.

வெளியார் பேட்ச் ஏன் பெருக்கிறது?

ஒரு சாஃப்ட்வேரை எழுதியவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். அதில் தங்களுக்கு வேண்டிய வசதி இல்லையே என்று நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். வசதியை எழுதி, மூலத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சேர்த்தால் கதை முடிந்தது. சேர்க்காவிட்டால் அது "வெளியார் பேட்ச்" ஆக வெளியிலேயே வாழ ஆரம்பிக்கும்.

இதற்குப் பேர்போன உதாரணம் க்யூமெயில். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய மெயில் சர்வர் அது. 1998இல் 1.03 என்ற பதிப்பு வந்தது, அதோடு அவர் புதிய பதிப்பு எதுவும் விடவில்லை. சோர்ஸ் கோடு எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் அதில் மாற்றம் செய்து, மாற்றிய புரோகிராமை விநியோகிக்கக் கூடாது என்பது நிபந்தனை. பேட்சைத் தனியாகக் கொடுக்கலாம். விளைவு? பாஸ்வேர்டு கேட்கும் வசதிக்கு ஒருவர் பேட்ச் எழுதினார், மறையாக்கத்துக்கு இன்னொருவர், வேண்டாத மெயிலைத் தடுக்க வேறொருவர். மூன்று பேரும் கைவைத்தது ஒரே கோப்பில், வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்கிக்கொள்ளும் கோப்பில். ஒவ்வொருவரும் சுத்தமான 1.03ஐ முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது. ஒன்றைப் போட்டபின் மற்றது பொருந்தாது. மூன்றும் வேண்டுமென்ற சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் கையால்தான் சேர்க்கவேண்டும். அப்புறம் சிலர் முக்கியமான பேட்ச்களைத் தொகுத்து "நெட்க்யூமெயில்" என்று கொடுத்தார்கள். 2007இல் பெர்ன்ஸ்டைன் க்யூமெயிலைப் பொதுச் சொத்தாக அறிவித்தபிறகுதான் அந்தப் பழைய தடை போனது.

இன்னொரு உதாரணம் லினக்ஸ் கெர்னலின் ரியல் டைம் பேட்ச். சாதாரண கெர்னல் மொத்த வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பார்க்கும். "இந்த வேலை இந்த நேரத்துக்குள் கட்டாயம் நடக்கும்" என்று வாக்குக் கொடுக்காது. மோட்டாரைக் கட்டுப்படுத்துபவனுக்கு அந்த வாக்குதான் வேண்டும். அதற்காக இங்கோ மோல்னார், தாமஸ் க்ளைக்ஸ்னர் முதலானோர் 2004 முதல் வளர்த்ததுதான் இந்தப் பேட்ச். கெர்னலின் ஆணிவேரான பூட்டுகளையும் இன்டரப்ட்களையும் மாற்றுவதால், அது கைவைக்காத மூலை குறைவு.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

டெமோ நாள்

நானும் என் பார்ட்னரும் செய்தது பி.சி.பி. துளையிடும் மெஷின். ஸ்டெப்பர் மோட்டாருக்கு வேண்டிய பல்ஸைப் போர்டின் பி.டபிள்யூ.எம். கொடுக்கும். சரியான நேரத்தில் அதை நிறுத்துவது எங்கள் புரோகிராம். புரோகிராம் சில மில்லிசெகண்ட் தூங்கிவிட்டால் மோட்டார் கூடுதலாகச் சுற்றிவிடும், துளை தள்ளிப் போய்விடும். சாதாரண கெர்னலில் அப்படித்தான் ஆயிற்று. "ரியல் டைம் பேட்ச் போட்டுப் பாருங்கப்பா" என்றார் எங்கள் லேப் சார்.

போர்டு சீனியர் ஒருவர் விட்டுப்போனது, பழைய 32 பிட் ரகம். அதைத் தயாரித்தவர்கள் கெர்னல் 4.19 வரிசைக்கு ஒரு பெரிய பேட்ச் தொகுப்பு வைத்திருந்தார்கள். யு.எஸ்.பி., டிஸ்ப்ளே, கேமரா எல்லாம் அதில்தான். அது இல்லாவிட்டால் போர்டு பாதி ஊமை. ரியல் டைம் பேட்சிலும் 4.19க்கு உரியது கிடைத்தது. இரண்டும் தேவை. இரண்டும் மலை போல. ஓர் உறையில் இரண்டு கத்தி!

முதலில் போர்டு பேட்ச், மேலே ரியல் டைம் பேட்ச் என்று ஓட்டினோம். ஸ்கிரீனில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி, கடைசியில் ஏழு ரெஜ் கோப்புகள் வந்து விழுந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து ஏழையும் தீர்த்தோம். கம்பைல் ஆனது. பூட் ஆனது. மோட்டார் சொன்ன இடத்தில் நின்றது. பார்ட்னர் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

டெமோவுக்கு முந்தின நாள் ராத்திரி, ஒரு பென் டிரைவில் படத்தை காப்பி செய்துகொண்டிருந்தபோது போர்டு ஒரு தடவை அப்படியே ஹேங் ஆகி நின்றது. ரீசெட்டை அமுக்கினேன், சரியாகிவிட்டது. மோட்டார் அப்போது ஓடவில்லை. "ஏதோ கரண்ட் பிரச்சனையாக இருக்கும்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்ட்னரிடம் சொல்லவில்லை. தோழர்களே, இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தப்பு இது ஒன்றுதான்.

மறுநாள் எக்ஸ்டர்னல் சார் முன்னால் பிட் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர், "இந்தப் பென் டிரைவில் இருக்கிற டிசைனையும் போட்டுக் காட்டு தம்பி" என்றார். செருகினேன். ஸ்கிரீன் உறைந்தது. பல்ஸை நிறுத்த வேண்டிய புரோகிராமும் உறைந்தது. பி.டபிள்யூ.எம். மட்டும் தன் பாட்டுக்குப் பல்ஸ் கொடுத்துக்கொண்டே இருந்தது. பிட் போர்டைத் தாண்டி, கீழே இருந்த இரும்பு பெட்டில் போய் முட்டி, "டப்". உடைந்த துண்டு பார்ட்னரின் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. நல்லவேளை, லேப் சார் கட்டாயப்படுத்தியதால் கண்ணுக்கு சேஃப்டி கண்ணாடி போட்டிருந்தான். நல்லவேளை, அவர் கட்டாயப்படுத்தியதால் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் சாஃப்ட்வேர் வழியாக இல்லாமல் நேராகப் பவர் லைனில் இருந்தது. அவரே ஓடிவந்து அதை அடித்தார்.

மூன்று வகை மோதல்

உடைத்தது எது என்று தேடுவதற்கு முன், மோதலில் எத்தனை வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அன்று எங்களுக்குத் தெரியாது.

முதல் வகை, சத்தம் போடும் மோதல். இரண்டு பேட்சும் ஒரே வரியை மாற்றும், ரெஜ் கோப்பு வரும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் இதுதான் நல்லவன். "இங்கே சண்டை இருக்கிறது, வந்து பார்" என்று கூப்பிட்டுச் சொல்கிறான் அல்லவா?

இரண்டாம் வகை, முணுமுணுக்கும் மோதல். "ஃபஸ்" என்று ஒரு வார்த்தை ஸ்கிரீனில் ஓடி மறையும், வேலை முடிந்துவிட்டதாகக் காட்டும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபங்ஷன்களில் தப்பானதில் போய் ஒட்டியிருந்தாலும் புரோகிராமுக்குத் தெரியாது. கிட்டில் உள்ள "அப்ளை" கட்டளை இந்த விட்டுக்கொடுத்தலை ஒத்துக்கொள்ளாது, அடையாள வரிகள் அப்படியே பொருந்தவேண்டும் என்று நிற்கும். கண்டிப்பான வாத்தியார் நல்லது!

மூன்றாம் வகை, வாயே திறக்காத மோதல். அம்மா சாம்பாருக்கு உப்புப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார். அக்கா வந்து, உப்புப் போடவில்லையோ என்று இன்னொரு தடவை போடுகிறாள். அம்மா போட்டதும் சரியான அளவு, அக்கா போட்டதும் சரியான அளவு. சாம்பார்தான் வாயில் வைக்க முடியாது. இரண்டு பேட்சும் வேறு வேறு கோப்புகளில் இருக்கும், ஒரு ரெஜ்கூட வராது. ஆனால் ஒன்று நம்பியிருக்கும் விஷயத்தை மற்றது மாற்றியிருக்கும்.

எங்கள் பிட்டை உடைத்தது இந்த மூன்றாம் வகை. ஏ.ஆர்.எம். பிராசஸரில் சாதாரண இன்டரப்ட் தவிர, அதைவிட அவசரமான எஃப்.ஐ.க்யூ. என்று ஒன்று உண்டு. போர்டுக்காரர்களின் யு.எஸ்.பி. டிரைவர் அதைப் பயன்படுத்தியது. டிரைவரின் சாதாரணப் பகுதியும் அவசரப் பகுதியும் ஒரே தகவலைத் தொடுவதால் நடுவில் ஒரு பூட்டு. "பூட்டை வைத்திருக்கும் நேரத்தில் சாதாரண இன்டரப்ட் நின்றிருக்கும், யாரும் என்னைக் குறுக்கே நிறுத்த முடியாது, சட்டென்று முடித்துப் பூட்டைத் திறந்துவிடுவேன்" என்பது டிரைவர் எழுதியவர்களின் நம்பிக்கை. சாதாரண கெர்னலில் அது நியாயமான நம்பிக்கை.

ரியல் டைம் பேட்சின் வேலையே அந்த நம்பிக்கையை எடுத்துவிடுவதுதான்! இன்டரப்ட் வேலைகளை அது த்ரெட் ஆக்கிவிடும். முக்கியமான வேலை வந்தால் எந்த த்ரெட்டையும் நடுவில் நிறுத்திவைக்கும். ஆக, பூட்டைக் கையில் வைத்திருந்த டிரைவர் த்ரெட்டை நிறுத்திவிட்டு எங்கள் மோட்டார் புரோகிராம் ஓட ஆரம்பித்தது. அந்த நொடியில் பென் டிரைவிலிருந்து எஃப்.ஐ.க்யூ. வந்தது. பூட்டு திறக்கட்டும் என்று அது சுற்றிச் சுற்றிக் காத்திருந்தது. அது நகர்ந்தால்தான் மற்றவர் ஓட முடியும், பூட்டு வைத்திருப்பவர் ஓடினால்தான் அது நகர முடியும். முடிந்தது கதை.

அந்த டிரைவர் கோப்பை ரியல் டைம் பேட்ச் தொடவே இல்லை. நாங்கள் ஒரு வாரம் மாரடித்த ஏழு ரெஜ்களில் ஒன்றுகூடப் பிட்டை உடைக்கவில்லை. உடைத்தது எட்டாவது. யாரும் சொல்லாத எட்டாவது.

எப்படிச் சமாளிப்பது?

அடுத்த ஒரு மாதம் நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அடித்தளம் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு பேட்சும் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டவை என்று கடைசி எண் வரை பாருங்கள். "இரண்டும் 4.19தானே" என்று நாங்கள் விட்டோம். 4.19க்குப் பின்னால் இன்னொரு எண் உண்டு, அது இரண்டிலும் வேறு வேறு. அதைச் சரியாக்கி மறுபடி ஓட்டியபோது ஏழு ரெஜ் மூன்றாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் பாதி வீண்!

2. வரிசையை யோசியுங்கள். எல்லா இடத்திலும் கைவைக்கும் பெரிய பேட்ச் அடியில், உங்கள் சொந்தச் சின்ன மாற்றங்கள் உச்சியில். அடிக்கடி மாறும் பேட்சை அடியில் வைத்தால், அது மாறும்போதெல்லாம் மேலே இருப்பது முழுவதும் ஆடும். இன்னொரு தந்திரம்: வரிசையை மாற்றியும் ஒரு தடவை தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு முடிவுகளையும் டிஃப் போட்டால், எங்கெல்லாம் வித்தியாசம் வருகிறதோ அங்கெல்லாம் தீர்ப்பில் சந்தேகம் என்று அர்த்தம்.

3. மலையைக் கற்களாக உடையுங்கள். ரியல் டைம் பேட்ச் ஒரே பெரிய கோப்பாகவும் கிடைத்தது, நூற்றுக்கணக்கான சின்னப் பேட்ச்களின் வரிசையாகவும் கிடைத்தது. நாங்கள் சுலபம் என்று பெரிய கோப்பை எடுத்தோம். அதுதான் தப்பு. சின்ன வரிசையை எடுத்தால், மோதும் பேட்ச் எது, அது எதற்காக எழுதப்பட்டது என்று தலைப்பிலேயே தெரியும். இதற்கு "குவில்ட்" என்று ஒரு கருவி உண்டு, ஆண்ட்ரூ மார்ட்டன் கெர்னல் வேலைக்காக எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட்களிலிருந்து வளர்ந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு அடுக்குவது மாதிரி பேட்ச்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், மேலிருந்து எடுக்கலாம், நடுவில் ஒன்றைத் திருத்தி மறுபடி அடுக்கலாம். டெபியன்காரர்கள் தங்கள் பேக்கேஜ்களில் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

4. கட்சி சேராதீர்கள். மோதும் இடத்தில் "இவன் வரியை வை, அவன் வரியைத் தூக்கு" என்பது சுலபம். ஆனால் அது தீர்ப்பு அல்ல, கட்டப்பஞ்சாயத்து. இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் நியாயம் தெரியாது. மூன்றாவதாக, மாற்றத்துக்கு முந்தைய மூல வரியையும் பக்கத்தில் வையுங்கள். மூலத்தில் காத்திருப்பு 10 என்று இருந்தது. ஒருவர் அதை 20 ஆக்கினார். இன்னொருவர் அந்த 10ஐ அப்படியே வேறு கோப்புக்கு நகர்த்தினார். சரியான தீர்வு, புதிய கோப்பில் 20. ஒருவர் பக்கம் மட்டும் சாய்ந்தால் இது கிடைக்குமா? கிட்டில் "டிஃப்3" என்ற பாணியைத் தேர்ந்தெடுத்தால் மூல வரியையும் சேர்த்தே காட்டும்.

5. சத்தம் வராத இடத்திலும் தேடுங்கள். பேட்ச்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள "எல்எஸ்டிஃப்" ஒரு பேட்ச் தொடும் கோப்புகளின் பட்டியலைக் கொடுக்கும். இரண்டு பட்டியலிலும் இருக்கும் கோப்புகளை, ரெஜ் வந்தாலும் வராவிட்டாலும் கண்ணால் படியுங்கள். அதோடு விடாதீர்கள். ஒவ்வொரு பேட்சும் எந்த விதியை மாற்றுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் தாளில் "இன்டரப்ட் இனி த்ரெட்; பூட்டு வைத்திருப்பவரையும் நிறுத்தலாம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், பழைய விதியை நம்பும் இடம் எது என்று போர்டு பேட்சில் தேடியிருப்போம்.

6. நான்கு கெர்னல் கட்டுங்கள். மூலம் மட்டும், மூலத்தோடு முதல் பேட்ச், மூலத்தோடு இரண்டாம் பேட்ச், இரண்டும் சேர்ந்தது. தப்பு நான்காவதில் மட்டும் வந்தால் அது தனியாள் குற்றம் அல்ல, கூட்டுக் குற்றம். எங்களுக்குப் பொறி தட்டியது இப்படித்தான். எங்கள் போர்டு வெறும் மூலத்தில் பூட் ஆகவில்லை. அதனால் போர்டு பேட்ச் மட்டும் போட்ட கெர்னலில் பென் டிரைவைச் செருகி ராத்திரி முழுக்க காப்பி ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. ரியல் டைம் பேட்ச் மட்டும் போட்டதை லேப் பி.சி.யில் ஓட்டினோம், அதிலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் சேர்ந்தபோது பதினைந்து நிமிடத்தில் ஹேங். சோதனையைச் சும்மா இருக்கும் மெஷினில் செய்யாதீர்கள். யு.எஸ்.பி., நெட்வொர்க், டிஸ்க் எல்லாவற்றையும் ஓடவிட்டு, பக்கத்தில் "சைக்ளிக்டெஸ்ட்" போடுங்கள். எழுப்பச் சொன்ன நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அது அளக்கும். சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதிகபட்சத்தைப் பாருங்கள். பிட்டை உடைப்பது சராசரி அல்ல.

7. எழுதி வையுங்கள். ஒவ்வொரு மோதலையும் ஏன் இப்படித் தீர்த்தோம் என்று பேட்சின் தலையில் இரண்டு வரி எழுதுங்கள். ரெக்கார்டு நோட்டை மார்க்குக்காக எழுதுகிறோம், இதை நமக்காக எழுத வேண்டும். கிட்டில் "ரீரீரீ" என்று வேடிக்கையான பெயரில் ஒரு வசதி உண்டு. ஒரு மோதலை நீங்கள் தீர்த்த விதத்தை ஞாபகம் வைத்து, அதே மோதல் திரும்ப வந்தால் தானே போட்டுவிடும். ஆனால் ஜாக்கிரதை, தப்பாகத் தீர்த்திருந்தால் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்!

இதெல்லாம் செய்தபின் எங்கள் பிரச்சனை தீர்ந்ததா? தீர்ந்தது. யு.எஸ்.பி. டிரைவரின் எஃப்.ஐ.க்யூ. முறையை பூட் ஆகும்போதே அணைத்துவிடும் வசதி டிரைவரிலேயே இருந்தது. பூட் வரியில் அதைச் சேர்த்தோம். யு.எஸ்.பி. வேலையில் பிராசஸருக்குக் கொஞ்சம் சுமை கூடியது, மோட்டார் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. மூன்று நாள் தொடர்ந்து ஓட்டினோம், ஹேங் இல்லை. மறு டெமோவில் எக்ஸ்டர்னல் சார் அதே பென் டிரைவைக் கொண்டுவந்தார். செருகும்போது என் கை நடுங்கியது உண்மை.

கடைசி வழி, சிறந்த வழி

மேலே சொன்ன ஏழும் நோயோடு வாழும் வழிகள். நோயே தீர ஒரு வழிதான்: பேட்ச் பேட்சாக இல்லாமல் போவது, அதாவது மூலத்திலேயே சேர்ந்துவிடுவது. வெளியில் இருக்கும்வரை, மூலத்தின் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் பேட்சைத் திருப்பித் தைக்கவேண்டும்.

ரியல் டைம்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். "எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்" என்று அடம்பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கும் பயன்படும் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். நுண்ணிய நேரம் அளக்கும் டைமர்கள் ஒரு சமயம் போயின. இன்டரப்டை த்ரெட் ஆக்கும் வசதி 2009இல் 2.6.30 பதிப்பில் போனது. கடைசிவரை இழுத்தது கெர்னல் செய்தி அச்சிடும் பகுதி. 2024 செப்டம்பரில் வியன்னாவில் க்ளைக்ஸ்னர் அந்தக் கடைசி விண்ணப்பத்தை அச்செடுத்து, தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அந்த நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் ரியல் டைம் வசதி மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. இருபது வருஷ உழைப்பு! அப்போது அது எக்ஸ்86, 64 பிட் ஏ.ஆர்.எம்., ரிஸ்க்-5 ஆகியவற்றுக்கு மட்டும். எங்கள் 32 பிட் கிழவனுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் எங்களுக்கு இந்தப் பாடம் கிடைத்தது.

இனி ஒரு வார்த்தை. சாஃப்ட்வேர் மோதலுக்கு நான் சொன்ன மூன்று வகையும் மனிதர்களுக்கும் பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது. ஏழு ரெஜ்ஜைத் தீர்க்கும்போது நானும் பார்ட்னரும் கத்திச் சண்டை போட்டோம், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஹேங் ஆன ராத்திரி நான் வாயை மூடிக்கொண்டேன் பாருங்கள், அதுதான் அவன் கண்ணருகே வந்து தெறித்தது. டெமோ முடிந்த சாயங்காலம் கேன்டீனில் வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "நேத்தே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பாத்திருப்போமேடா" என்றான். அவ்வளவுதான். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

உடைந்த பிட்டின் துண்டு இன்னும் என் பென்சில் பாக்ஸில் இருக்கிறது. ஜூனியர்களே, புராஜெக்ட் ஆரம்பிக்கும் முன் வந்து கேளுங்கள், காட்டுகிறேன். எங்கள் ரெக்கார்டு, பேட்ச் குறிப்புகள், நான்கு கெர்னல் சோதனைப் பட்டியல் எல்லாம் லேபில் சாரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். எடுத்துப் பயன்படுத்துங்கள். உங்கள் மெஷின் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை காரணம் தெரியாமல் நின்றாலும், ரீசெட் பட்டனைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவனைத் தட்டி எழுப்பிச் சொல்லுங்கள்.

அனைவருக்கும் தேர்வு வெற்றிக்கு வாழ்த்துக்கள்!